வியாழக்கிழமை வரைக்கும்

பியற்றிஸ் எழுதிய பாட்டை மேரிசாந்தி மேடையேற்றிவிட்டாள். இரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானந்தான் அது பியற்றிஸுக்குத் தெரியவந்தது. காலை ஷிப்ட் முடிந்து, லண்டனின் பார்க்கிங் பகுதியிலிருக்கும் தன் வீட்டுக்கு வந்தவள், பஸ் சாரதிக்குரிய உடுப்பைக்கூட மாற்றாமல் குசினி மேசையில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள் சாருஜா கைத்தொலைபேசியை நீட்டினாள்.

"அம்மா, இது உங்கடை பாட்டெல்லோ? சாந்தி அன்ரி என்ன மாதிரிப் பாடியிருக்கிறா எண்டு பாருங்கோ. கிளப் ஆக்கள் வீடியோ போட்டிருக்கினம்."

பியற்றிஸ் பார்த்தாள். வால்தம்ஸ்டோவில் அவர்கள் வழக்கமாகப் பாடும் அதே மண்டபம்தான். மாதத்தில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அகலத் தொப்பியும் கூர்ச் சப்பாத்தும் போட்ட வயதான வெள்ளைக்காரர்கள் கூடி, அமெரிக்க நாட்டுப்புறத்துக் கன்ட்ரி பாட்டுக் கேட்டு, வரிசையாக நின்று ஆடும் இடம். நாலு வருடமாக அங்கே இரண்டு தமிழ்ப் பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். பியற்றிஸ் கிற்றார் வாசித்துப் பாடுவாள். மேரிசாந்தி பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் கொடுப்பாள். இந்த ஞாயிறு பியற்றிஸுக்கு ஷிப்ட் மாற்ற முடியாமல் போய்விட்டது. மேரிசாந்தி தனியாகப் போயிருந்தாள். யாரோ ஒரு கிழவர் கிற்றார் வாசிக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

முதல் அடியிலேயே பியற்றிஸின் கை தட்டில் நின்றுவிட்டது.

அந்தப் பாட்டை அவள் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். தமிழில் எழுதத் தொடங்கினால் ஒரு வரிக்கு மேல் போகாது. ஆங்கிலத்தில் எழுதும்போது வேறு யாருக்கோ நடந்த காரியம்போல ஒரு தூரம் கிடைத்தது. முதல் பகுதியில், அகதி விடுதியின் நடையில் தொலைபேசி அடிக்கிறது, தம்பி கூப்பிடுகிறான், அக்கா கையை உயர்த்தி, நான் இல்லையென்று சொல்லச் சொல்கிறாள். இரண்டாம் பகுதியில், அவன் இல்லாமல் போன பிறகு, எந்த வீட்டில் எந்தத் தொலைபேசி அடித்தாலும் அவள் ஓடுகிறாள். அவ்வளவுதான். மூன்றாம் பகுதியை அவள் எழுதவில்லை.

கிளப்பை நடத்தும் டெரி ஒருமுறை சொல்லியிருந்தார், இந்த மாதிரிப் பாட்டில் மூன்றாம் பகுதியில் மனுசன் தன் பிழையை ஒப்புக்கொண்டு, அதை இறக்கி வைத்துவிட்டு நடக்கவேணும், இல்லாவிட்டால் கேட்கிறவன் வீட்டுக்குப் போகமுடியாது என்று. பியற்றிஸ் மூன்று மாதம் முயன்று பார்த்தாள். வரவில்லை. கொப்பியை மேரிசாந்திக்கு மட்டும் காட்டி, "மூண்டாவது எனக்கு வராதடி. எழுதினால் அது பொய்யாத்தான் இருக்கும்" என்று சொன்னாள். மேரிசாந்தி அதைத் தொலைபேசியில் படம் எடுத்தாள். தாளம் பார்க்க என்றாள்.

இப்போது வீடியோவில் இரண்டாம் பகுதி முடிந்தது. மேரிசாந்தி நிறுத்தவில்லை. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மூன்றாம் பகுதியைப் பாடினாள். வியாழக்கிழமை வரைக்கும் காத்திருப்பேன் என்றாயே தம்பி, உன் வழியில் நீ போனாய், என் பழியை நான் சுமந்தேன், இன்றைக்கு அதை இறக்கி வைத்துவிட்டேன், இனி நான் நடக்கிறேன் என்பது அதன் கருத்து. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு கிழவி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கல்லோ?" என்றாள் சாருஜா. பிறகு தாயின் முகத்தைப் பார்த்து, "அம்மா, உங்களிட்டைக் கேக்காமலோ பாடினவ?" என்றாள்.

பியற்றிஸ் எழுந்து கை கழுவினாள். அவளுக்கு வந்த முதல் கோபம் பாட்டைக் களவெடுத்ததற்காக அல்ல. இருபத்தொன்பது வருடமாகத் தன்னால் தனக்குக் கொடுக்க முடியாத மன்னிப்பை, இன்னொருத்தி மேடையில் நின்று, தனக்காகக் கொடுத்துக் கைதட்டும் வாங்கிவிட்டாளே என்பதுதான். என்ரை தம்பி. என்ரை பிழை. அதை இறக்கி வைக்க இவள் ஆர்?

இரண்டாவது தடவை வீடியோவைப் பார்த்தபோதுதான் வேறொன்று உறுத்தியது. வியாழக்கிழமை. அவள் கொப்பியில் எந்தக் கிழமையும் இல்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கடைசி. பியற்றிஸும் மேரிசாந்தியும் ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரின் அகதி விடுதியில் ஒரே அறையில் இருந்தார்கள். பியற்றிஸுக்கு இருபத்தைந்து, மேரிசாந்திக்கு இருபத்துமூன்று. விடுதிக் காவலாளியிடம் ஒரு பெட்டி நிறையக் கன்ட்ரி பாட்டுக் கசெற்றுகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசித்த பியற்றிஸ் அவற்றைக் கேட்டுக் கேட்டுப் பழகினாள். மேரிசாந்தி கூடப் பாடினாள். சொல் விளங்காத நாளிலேயே, யாரோ எதையோ இழந்துவிட்டுப் பாடுகிறார்கள் என்பது மட்டும் இருவருக்கும் விளங்கியது.

அந்தக் கார்த்திகையில் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்தபோது, பியற்றிஸின் தகப்பன் செபமாலைமுத்துவும் நெஞ்சுவருத்தத்தோடு அயலவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் செத்துப்போனார். கூட இருந்திருக்கவேண்டிய ஒரே மகன் ஜெறோம், இரண்டு மாதத்துக்கு முன்பே வெளிநாடு போகவென்று கொழும்புக்குப் போய்விட்டான். அவனுக்கு வயது பத்தொன்பது. 'அப்பாவை றோட்டிலை விட்டிட்டுப் போனவன் எனக்குத் தம்பியில்லை' என்று பியற்றிஸ் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடையில் தொலைபேசி அடித்தது. மேரிசாந்திதான் எடுத்தாள். தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு, "ஜெறோம்" என்றாள். பியற்றிஸ் கையை உயர்த்தினாள். "நான் இல்லை எண்டு சொல்லு." அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஐந்து நிமிடம் கழித்து மேரிசாந்தி வந்து, "சொல்லிப்போட்டன்" என்றாள்.

களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஜெறோமையும் இன்னும் பதினொரு பேரையும் மொஸ்கோவுக்கு ஏற்றினான். அங்கிருந்து லொறியில், பிறகு கால்நடையாக. மாசியில், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்து, பியற்றிஸைத் தேடி வந்து சொன்னான். எல்லைக் காட்டில், மூன்றாம் நாள் பனியில், ஜெறோம் மரத்தில் சாய்ந்து இருந்தவன் எழும்பவில்லை. மற்றவர்களால் தூக்கிக்கொண்டு நடக்க ஏலவில்லை.

வீடியோ பார்த்த மறுநாள், புதன்கிழமை, பியற்றிஸ் வால்தம்ஸ்டோவில் மேரிசாந்தியின் வீட்டுக்குப் போனாள். மேரிசாந்தி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். மூன்று மணிக்கு வீட்டில் இருப்பாள். கதவைத் திறந்தவள் பியற்றிஸின் முகத்தைப் பார்த்ததும் வழியை விட்டு விலகி நின்றாள்.

"வீடியோ பாத்திட்டியோ? நானே இண்டைக்குப் போன் எடுத்துச் சொல்லுவம் எண்டு…"

"என்னெண்டு சொல்லப்போறாய்?"

"கோவியாதை பியற்றிஸ். டெரி திடீரெண்டு மேடைக்குக் கூப்பிட்டிட்டார். புதுசா ஏதும் இருக்கோ எண்டு கேட்டார். எனக்கு அது வாயிலை வந்திட்டுது. உன்ரை பாட்டு எண்டு சொல்லித்தான் தொடங்கினனான். வீடியோவிலை அந்தத் துண்டு இல்லை."

"பாட்டு கிடக்கட்டும். வியாழக்கிழமை எங்கையிருந்து வந்தது?"

மேரிசாந்தி அடுப்படிக்குத் திரும்பினாள். அவிந்துகொண்டிருந்த பருப்பைக் கிண்டினாள். "மெட்டுக்குப் பொருந்திச்சுது."

"இங்கிலீசிலை ஞாயிறும் திங்களும் வெள்ளியும் அதே அளவுதான். ஏழு நாளிலை நீ ஏன் வியாழனை எடுத்தனி?"

மேரிசாந்தி கிண்டுவதை நிறுத்தினாள். அடுப்பை அணைத்தாள். கதிரையை இழுத்து இருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவன் சொன்னவன்."

பியற்றிஸ் நின்றபடியே இருந்தாள்.

"அண்டைக்கு நீ கதவைச் சாத்தினாப் பிறகு, அக்கா இல்லை எண்டு சொன்னனான். அவன் நம்பேல்லை. அக்கா கோபம் எண்டு எனக்குத் தெரியும், பறவாயில்லை, ஒண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ எண்டான். ஏஜென்சிக்காரன் வெள்ளிக்கிழமை ஏத்துறன் எண்டுறானாம். மொஸ்கோவாலை காடு கடக்கவேணும், எனக்குப் பயமாக் கிடக்கு எண்டான். ரெண்டு மாசம் பொறுத்தால் வேறை ஆளாலை நேர பிளேனிலை வரலாமாம். அக்கா போ எண்டால் போறன், நில் எண்டால் நிக்கிறன், வியாழக்கிழமை வரைக்கும் காத்திருப்பன் எண்டான்."

"நீ எனக்குச் சொல்லேல்லை."

"இல்லை."

"வியாழக்கிழமை திரும்பப் போன் எடுத்தவனோ?"

மேரிசாந்தி ஓம் என்று தலையை ஆட்டினாள். "நீ ஜேர்மன் வகுப்புக்குப் போயிட்டாய்."

"என்ன சொன்னனி அவனுக்கு?"

வெளியே பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தபிறகு மேரிசாந்தி சொன்னாள்.

"அக்கா வரச்சொல்லுறா எண்டு சொன்னனான்."

பியற்றிஸுக்கு முதலில் அது விளங்கவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. சேர்த்துப் பார்க்க நேரம் பிடித்தது. மேரிசாந்தி அழத் தொடங்கியிருந்தாள்.

"உன்னைக் கேட்டிருந்தால், எக்கேடு கெட்டும் போகட்டும் எண்டிருப்பாய். அதை அந்தப் பெடியனுக்கு என்னெண்டு சொல்லுறது? நேரிலை வந்து நிண்டால் உன்ரை கோபம் ஆறிடும், ரெண்டுபேரும் கட்டிப்பிடிச்சு அழுவியள், எல்லாம் சரிவரும் எண்டு நினைச்சன். எனக்கு இருபத்துமூண்டு வயசடி. காடெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியுமே? நானும் காடு கடந்துதானே வந்தனான், நான் சாகேல்லைத்தானே எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"பிறகு அந்த ஆள் வந்து சொன்னான். நீ நிலத்திலை விழுந்து குழறினாய். அப்ப நான் சொல்லியிருக்கவேணும். வாய் வரேல்லை. அடுத்த நாள் சொல்லுவம் எண்டு விட்டன். அப்பிடியே…"

"இருபத்தொன்பது வருசம்," என்றாள் பியற்றிஸ். அவள் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு மார்கழியும் அவனுக்குப் பூசை ஒப்புக்குடுக்கேக்கை எனக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிண்டனி. நான் போன் எடுக்காததாலைதான் என்ரை தம்பி செத்தவன் எண்டு நான் அழ, அப்பிடி நினையாதை எண்டு என்ரை முதுகைத் தடவினனி. எந்தக் கையாலையடி தடவினனி?"

மேரிசாந்தி தன் கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"உன்ரை கொப்பியைப் பாத்தாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. அதிலை உன்ரை பிழை மட்டும்தான் இருக்கு. என்ரையும் இருக்கெல்லோ. ஒருக்காவெண்டாலும் அதை வாய்விட்டுச் சொல்லவேணும்போலை இருந்தது."

"சொன்னனிதான். ஆருக்குச் சொன்னனி? நான் பஸ் ஓடிக்கொண்டிருக்க, தொப்பி போட்ட வெள்ளைக்காரருக்குச் சொன்னனி. அவை எழும்பி நிண்டு உனக்குப் பாவமன்னிப்புக் குடுத்தவை. இறக்கி வைச்சிட்டாய், என்ன? எங்கை இறக்கி வைச்சனி? என்ரை தலையிலையோ?"

பியற்றிஸ் கதவுவரை போனாள். கைபிடியில் கையை வைத்தபடி, திரும்பாமலே கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னவன்?"

"மெய்யாவோ எண்டு கேட்டவன். ரெண்டுதரம் கேட்டவன். ஓம் எண்டன். பிறகு சிரிச்சவன். அப்ப நான் வாறன் எண்டு அக்காட்டைச் சொல்லுங்கோ எண்டவன்."

பியற்றிஸ் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ரயிலில் வந்திருக்கவேணும். அழுகை வரவில்லை. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. வீடு உடைத்துக் களவு போன அடுத்த நாள், என்னென்ன போயிருக்கிறது என்றே தெரியாமல் அறை அறையாய் நடப்பதுபோல மனம் நடந்தது. இவ்வளவு காலமும் அந்தத் தவறு அவளுடையதாக இருந்தது. அதன் நீள அகலம் தெரியும். அதோடு படுத்து எழும்பப் பழகியிருந்தாள். புருசன் செத்த பிறகு அந்த வீட்டில் மகளுக்கு அடுத்தபடி அதுதான் அவளுக்குத் துணை என்றும் சொல்லலாம். இப்போது அது பாதி மற்றவளுடையதாகிவிட்டது. அந்த மற்றவளோ, ஜேர்மனியிலிருந்து லண்டன்வரை, கலியாணத்திலும் பிள்ளைப்பேற்றிலும் புருசனின் செத்தவீட்டிலும் பக்கத்தில் நின்றவள். எந்த நினைவை எடுத்தாலும் அவள் முகம் அதில் இருந்தது. ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அப்போதும் இவளுக்குத் தெரியும். அப்போதும் தெரிந்துகொண்டுதான் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பயணி இறங்க மணியடித்த பஸ் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஏசிக்கொண்டு இறங்கினாள். பியற்றிஸ் டிப்போவுக்குத் தொலைபேசி எடுத்து, சுகமில்லை என்று சொல்லி மூன்று நாள் லீவு போட்டாள்.

சனிக்கிழமை காலை சாருஜா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். "அம்மா, என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் அன்ரியிட்டைக் கேப்பன்" என்றாள். பியற்றிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். சாருஜாவுக்கு ஜெறோம் ஒரு படம் மட்டுந்தான். மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கும், மீசை அரும்பாத முகம்.

"அப்ப மாமா, நீங்கள் கூப்பிட்டனீங்கள் எண்டு நினைச்சுத்தான் வந்தவர்."

"ஓம். அதுதான் கொடுமை."

"கொடுமைதான். ஆனா அம்மா… அக்கா என்னோடை கோபம் எண்டு நினைச்சுக்கொண்டு அவர் சாகேல்லை. அக்காட்டைப் போறன் எண்டுதான் நடந்திருக்கிறார்."

"அவளுக்கு வக்காலத்து வாங்காதை."

"அன்ரிக்காகச் சொல்லேல்லை. அன்ரி செய்தது பிழை. நான் மாமாவுக்காகச் சொல்லுறன்."

"எழும்பிப் போ," என்றாள் பியற்றிஸ். சாருஜா போனாள். தேத்தண்ணி ஆறியது. அதன் பிறகுதான், அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக, பியற்றிஸ் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். மெய்யாவோ என்று இரண்டுதரம் கேட்டு, பிறகு சிரித்த அந்தக் குரலை அவள் கேட்கவில்லை. அதை மேரிசாந்தி கேட்டிருக்கிறாள். அந்தச் சிரிப்புக்கூடத் தனக்கு வராமல் அவளிடம் போயிருக்கிறது. ஆனாலும் சிரித்திருக்கிறான். பனியில் நடக்கும்போது எங்கே போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மேரிசாந்தி தொலைபேசியில் அழைத்தாள். பியற்றிஸ் உடனே எடுத்துவிட்டாள். எடுக்காமல் இருக்க அவளால் ஏலாது.

"பியற்றிஸ், நீ என்ன ஏச்செண்டாலும் ஏசு. கதைக்காமல் மட்டும் இராதை."

"கேள்," என்றாள் பியற்றிஸ். "நீ சொன்ன பொய்யாலை அவன் செத்தவன். அந்தப் பொய்யாலைதான் சிரிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவன். உனக்கு நான் நன்றி சொல்லவும் ஏலாது, மன்னிக்கவும் ஏலாது. அண்டைக்குப் போனை எடுக்காதது நான். அதை நான் உன்ரை தலையிலை போடமாட்டன். அது என்ரை. ஆனால் இவ்வளவு காலமும் நான் தனிய எண்டு நினைக்க விட்டியே, அது உன்ரை. அதை நீ வைச்சுக்கொள். இனி வீட்டை வராதை. ஆருக்கும் செத்தவீடெண்டால் அங்கை காண்பம்."

மேரிசாந்தி ஏதோ சொல்லத் தொடங்கினாள். பியற்றிஸ் அது முடியும்வரை காத்திருந்து கேட்டாள். பிறகு, "சரி, வைக்கிறன்" என்று சொல்லி வைத்தாள்.

மூன்றாம் பகுதியை அவள் அடுத்தடுத்த வாரங்களில், பஸ் தரிப்பிடத்தில் கிடைக்கும் பத்து நிமிட ஓய்வுகளில் எழுதினாள். எழுதினாள், வெட்டினாள், திரும்ப எழுதினாள். மேரிசாந்தி எழுதிய சொல் ஒன்றையும் எடுக்கவில்லை, வியாழக்கிழமையைத் தவிர. அது ஜெறோமுடைய சொல். அதை எடுக்க அவளுக்கு உரிமை இருந்தது.

அடுத்த மாதத்து மூன்றாம் ஞாயிறு கிற்றாரையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். சாருஜாவும் கூட வந்தாள். டெரி கதவடியில் நின்று, "எங்கே உன் கூட்டாளி?" என்று கேட்டார்.

"நான் மட்டுந்தான்," என்றாள். அவர் விலகி வழிவிட்டார்.

மேடையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். முதலிரண்டு பகுதியும் சனத்துக்குத் தெரிந்திருந்தது. போனமுறை கேட்டவர்கள் மெல்லக் கூடப் பாடினார்கள். மூன்றாவதில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் அது வேறாக இருந்தது. நான் எடுக்கவில்லை, அதை இனி மாற்றமுடியாது என்று பாடினாள். வியாழக்கிழமை வரைக்கும் நீ காத்திருந்தாய், எனக்குத் தெரியாது. என் பெயரில் ஒருத்தி உன்னை அழைத்தாள், நீ நம்பி நடந்தாய். பிழையை நான் இறக்கி வைக்கவில்லை, தம்பி, தூக்கிக்கொண்டுதான் நடக்கப்போகிறேன், ஆனால் இனி நின்ற இடத்தில் நிற்கமாட்டேன். கடைசி அடிக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காததால், அங்கே 'வாறன்' என்று தமிழிலேயே பாடினாள். மூன்றுதரம் பாடினாள். மூன்றாம் தரம் குரல் உடைந்தது. கிற்றாரை நிறுத்தாமல் வாசித்து முடித்தாள்.

போனமுறைபோல எல்லாரும் எழுந்து நிற்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் மேசையில் உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

அப்போதுதான் பியற்றிஸ் பின்கதவடியில் மேரிசாந்தியைக் கண்டாள். மேற்கோட்டைக்கூடக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து நின்றாள். இருவர் கண்களும் சந்தித்தன. வா என்று பியற்றிஸ் கைகாட்டவில்லை. போ என்றும் காட்டவில்லை. கைதட்டு ஓய்வதற்கு முன் மேரிசாந்தி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சாருஜா எழுந்து அவள் பின்னால் போகப் பார்த்தாள். தாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருந்தாள்.

பியற்றிஸுக்கு மேரிசாந்தியோடு கதைக்கவேணும்போல இருந்தது. பாட்டு எப்படி இருந்தது, எந்த இடத்தில் குரல் பிசகியது என்று முப்பது வருடமாக அவளிடந்தான் கேட்டுப் பழக்கம். அந்த ஆசை வந்தபோதுதான் தான் எவ்வளவு ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் திரும்பவும் முழுதாக உறைத்தது. அது இலேசில் போகாது என்றும் தெரிந்தது.

டெரி அடுத்த மாதம் பாடுபவர்களின் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். பியற்றிஸ் பேனையை வாங்கித் தன் பெயரை மட்டும் எழுதினாள். சாருஜா கிற்றார்ப் பையைத் தோளில் மாட்டினாள்.

"அம்மா, சாப்பிட்டிட்டுப் போவமோ?"

"வேண்டாம், வீட்டை போவம். விடிய நாலரைக்கு எனக்கு ஷிப்ட்."